ஐந்தாம் நிமிடத்தில் கண்மூடிய டிரைவர்: ஏற்காட்டு மழைமானிப் பெட்டிகள், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்தில் சிறிய எலக்ட்ரானிக்ஸ் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஆறு பேர் சேர்ந்து, தோட்டத்துக்கு ஒன்றாக ஆறு மழைமானிப் பெட்டிகள் கேட்டார்கள். சேர்வராயன் மலையில் மார்ச், ஏப்ரலில் விழும் கோடை மழைதான் காப்பிச் செடியைப் பூக்க வைக்கிறது. அந்த முதல் மழை எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது, அடுத்த மழை வரும்வரை காத்திருக்கலாமா, ஸ்பிரிங்க்ளர் போட்டுவிட வேண்டுமா என்ற கணக்கில்தான் அந்த வருட மகசூல் இருக்கிறது. மலையில் ஒரு சரிவில் கொட்டும், பக்கத்துச் சரிவில் தூறல்கூட இருக்காது. அதனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி அளவு தேவைப்பட்டது.

பெட்டிக்குள் இரண்டு கோர் கொண்ட 32 பிட் ஆர்ம் போர்டு, லினக்ஸ் 4.19 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ஒரு ஈதர்நெட் போர்ட். போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் கம்பத்தில் இருக்கும் ரேடியோவுக்குப் போகும். ரேடியோ வழியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவுகள் சேலத்துக்கு வந்து சேரும். பெட்டியின் மெமரி கார்டில் கடைசி இரண்டு நாள் அளவு மட்டும் இருக்கும், பழையதன் மேல் புதியது எழுதப்படும். லிங்க் இரண்டு நாளுக்கு மேல் அறுந்து கிடக்காது என்று நினைத்து அப்படி வைத்தோம்.

ஈதர்நெட் சிப்புக்குக் கர்னலோடு வரும் டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், இல்லை. போர்டு விற்றவர்கள் கொடுத்த டிரைவரைத்தான் போட்டோம். அது 2.6 கர்னல் காலத்தில் எழுதப்பட்டது. 2018 ஜனவரியில் வந்த 4.15 கர்னலில் டைமரைத் தயார்செய்யும் முறை மாறியது. அந்த மாற்றத்துக்கு ஏற்ப யாரோ அதில் கைவைத்திருந்தார்கள். எங்கள் கையில் அது கம்பைல் ஆயிற்று, பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போயிற்று, பெரிய கோப்பை அனுப்பிப் பார்த்ததில் வேகமும் சரியாக இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது யாரும் வாசிக்கவில்லை.

பிப்ரவரியில் ஆறு பெட்டிகளையும் மாட்டினோம்.

முதல் புகார்

மார்ச் மூன்றாம் வாரம் மலையில் முதல் இடிமழை. மறுநாள் காலை மூன்று தோட்டங்களிலிருந்து எங்களுக்கு எதுவும் வரவில்லை. மற்ற மூன்றும் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தன. இடி இறங்கிப் போர்ட் எரிந்திருக்கும் என்று நினைத்து, மாற்றுப் போர்டுகளோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனோம்.

போர்ட் எரியவில்லை. கேபிள் செருகியிருந்த இடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் கதவு திறந்துவிட்ட எஸ்டேட் ரைட்டர் (கணக்கு எழுதுபவர்) அதையே கேட்டார்: “தம்பி, லைட்டு எரியுதுங்களே, அப்புறம் ஏன் அங்க வரலைன்னு சொல்றீங்க?” லேப்டாப்பைச் சீரியல் போர்ட்டில் மாட்டிப் பார்த்தால், ‘கேரியர் இல்லை’, அதாவது கேபிளில் இணைப்பு இல்லை, என்று லினக்ஸ் சொன்னது. மழை எண்ணிக்கை மெமரி கார்டில் ஏறிக்கொண்டிருந்தது. லாகில் பிழை என்று ஒரு வரிகூட இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டதும் எல்லாம் சரியாயிற்று. மற்ற இரண்டு தோட்டங்களிலும் இதே கதை.

விளக்கு எரிவதும் கேரியர் இல்லை என்பதும் எப்படி ஒரே நேரத்தில் நடக்கும்? கம்பியின் மறுமுனையோடு பேசி வேகத்தை ஒத்துக்கொள்வது ஃபை என்ற தனிச் சிப்பின் வேலை. டிரைவரின் தயவு இல்லாமலே அது லிங்க்கை உண்டாக்கி விளக்கை ஏற்றிவிடும். ஆனால் லிங்க் வந்துவிட்டது என்பதை டிரைவர்தான் ஃபையிடம் கேட்டுக் கர்னலுக்குச் சொல்ல வேண்டும். ஆக, ஃபை தன் வேலையைச் செய்துவிட்டது, டிரைவர் அதைக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே நாங்கள் யோசனையை நிறுத்தாமல் டிரைவரைத் திறந்திருக்க வேண்டும்.

அவசரத்துக்கு எடுத்த முடிவு

அடுத்த மழை எந்த நாளிலும் வரலாம். தோட்டக்காரர்கள் தினமும் போன் செய்தார்கள். இன்டர்ஃபேஸை (லினக்ஸ் பார்வையில் அந்த நெட்வொர்க் போர்ட்டை) இறக்கி ஏற்றினால், அதாவது டவுன் செய்து அப் செய்தால், பெட்டியை அணைக்காமலே லிங்க் திரும்புகிறது என்று கண்டுபிடித்தோம். உடனே நிமிடத்துக்கு ஒரு முறை கேரியரைப் பார்த்து, இல்லையென்றால் இறக்கி ஏற்றும் ஒரு சிறிய ஸ்கிரிப்டை எழுதி ஆறு பெட்டிகளிலும் போட்டோம்.

காரணம் தெரியாமலேயே அறிகுறியை அடக்குகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். பூமழைக் காலத்தில் தரவு போகக்கூடாது, மூலக்காரணத்தைப் பிறகு பார்க்கலாம் என்பதே அன்றைய நியாயம். இரண்டு வாரம் அது நன்றாகவே ஓடியது.

பெட்டியே விழுந்தது

ஏப்ரல் முதல் வாரம் ஒரு தோட்டத்தில் இடியால் ரேடியோவின் அடாப்டர் எரிந்துவிட்டது. மாற்று அடாப்டர் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. போய்ப் பார்த்தபோது ரேடியோ மட்டுமல்லாமல் பெட்டியும் உறைந்து நின்றது. மெமரி கார்டில் கடைசி அளவு முந்தைய நாள் பிற்பகலில் இருந்தது. அன்று மாலை பெய்த மழை எந்தக் கணக்கிலும் இல்லை. அதற்கு முன்பெல்லாம் லிங்க்தான் போனது, அளவு கார்டில் பத்திரமாக இருந்தது. எங்கள் ஸ்கிரிப்ட்தான் அதையும் பறித்துவிட்டது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பெட்டியைச் சேலத்துக்குக் கொண்டுவந்தோம். சீரியல் கேபிள் மாட்டி, ஈதர்நெட் கேபிளைப் பிடுங்கி, இறக்கி ஏற்றுவதை விநாடிக்கு ஒரு முறை ஓடவிட்டோம். பத்து நிமிடத்துக்குள் கர்னல் பேனிக், அதாவது மீள முடியாமல் கர்னலே நின்றுவிட்டது. அதன் செய்தியில் இருந்த ஃபங்ஷன் பெயர் டிரைவரின் டைமர் கால்பேக், அதாவது டைமரின் நேரம் வந்ததும் கர்னல் கூப்பிடும் ஃபங்ஷன். அன்று இரவுதான் டிரைவரை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினோம்.

டிரைவருக்குள் டைமர் செய்யும் வேலை

நெட்வொர்க் கார்டைச் சுற்றிப் பல டைமர்கள் இருக்கின்றன. பாக்கெட் வந்தவுடனே இன்டரப்ட் (செயலியின் கவனத்தை இழுக்கும் சைகை) அடிக்காமல் சில மைக்ரோ விநாடி பொறுத்து மொத்தமாக அடிக்கும் டைமர் பல கார்டுகளின் வன்பொருளிலேயே உண்டு. அடுத்தது கர்னலின் வாட்ச்டாக். அனுப்பும் வரிசை நின்றுபோய், டிரைவர் வேறு அளவு சொல்லாதபோது 5 விநாடி தாண்டினால், ‘நெட்டெவ் வாட்ச்டாக்’ என்று லாகில் எழுதி டிரைவரை எழுப்பும். ஆனால் கேரியர் இருக்கும்போதுதான் அது காவல் காக்கும். எங்கள் பெட்டியில் கேரியரே இல்லை என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்ததால் அது வாய் திறக்கவில்லை. லாக் சுத்தமாக இருந்ததன் காரணம் இதுதான்.

மூன்றாவது, டிரைவர் தனக்காக வைத்துக்கொள்ளும் டைமர். லிங்க் மாறினால் இன்டரப்ட் தராத சிப்புகளுக்கு இது அவசியம். மாட்_டைமர் என்ற ஃபங்ஷனில் ‘இந்த நேரத்தில் என்னைக் கூப்பிடு’ என்று பதிவுசெய்வார்கள். கர்னல் நேரம் வந்ததும் கால்பேக்கை ஒரே ஒரு முறை கூப்பிடும். தொடர்ந்து ஓட வேண்டுமானால் கால்பேக் தன் கடைசி வரியில் மறுபடி தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கால்பேக் ஓடுவது சாஃப்ட் இன்டரப்ட் சூழலில். அங்கே தூங்கக்கூடாது, அதாவது செயலியை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக்கூடாது. தூங்க நேரும் எந்தப் பூட்டையும் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காப்பது) எடுக்கக்கூடாது.

எங்கள் டிரைவரின் டைமர் 5 விநாடிக்கு ஒரு முறை ஓடியது. லிங்க் இல்லாவிட்டால் ஃபையை ரீசெட் செய்து, அது பேசி முடிக்க 6 விநாடி கொடுத்து, அதற்குப் பிறகு வரும் சுற்றில் பார்க்கும். பிறகு புள்ளிவிவர பஃபரை (எண்ணிக்கைகள் இருக்கும் நினைவகப் பகுதி) வாசிக்கும். கடைசியில் தன்னை மறுபடி பதிவு செய்துகொள்ளும்.

பேனிக்கின் காரணம் அந்த இரவிலேயே கிடைத்தது. ஃபை ரீசெட்டுக்காகக் கால்பேக் 40 மில்லி விநாடி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தூங்கக்கூடாத இடத்தில் காத்திருக்க எழுதியவர் கண்ட வழி அது. அதே நேரத்தில் இரண்டாவது கோரில் எங்கள் ஸ்கிரிப்ட் இன்டர்ஃபேஸை இறக்கினால் என்ன ஆகும்? நிறுத்தும் ஃபங்ஷன் டெல்_டைமர் என்று கூப்பிட்டிருந்தது. அது வரிசையில் காத்திருக்கும் டைமரை எடுத்துவிடும், ஏற்கெனவே ஓடத் தொடங்கிய கால்பேக் முடியும்வரை பொறுக்காது. உடனே பஃபரை விடுவித்து, அதன் இடத்தைக் காட்டும் பாயின்டரைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். 40 மில்லி விநாடி கழித்துக் கால்பேக் அந்த இல்லாத பஃபரை வாசிக்கப் போய் விழுந்தது. இன்டரப்ட் சூழலில் விழுந்தால் கர்னல் மீளாது.

லிங்க் உண்மையிலேயே இல்லாதபோதுதான் இந்த ரீசெட் ஓடும், சுமார் 10 விநாடிக்கு ஒரு முறை. ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒரு முறை. 10 விநாடியில் 40 மில்லி விநாடி என்பது 250-இல் ஒரு வாய்ப்பு. ஒரு நாளில் ஸ்கிரிப்ட் 1440 முறை ஓடும். ரேடியோ இரண்டு நாள் செத்துக் கிடந்தால் பெட்டி விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் முதல் புகாருக்கு இது பதில் இல்லை.

ரைட்டரின் நோட்டு

மூன்று தோட்டங்களில் மட்டும் ஏன்? போர்டு ஒன்று, டிரைவர் ஒன்று, கேபிளும் ஒன்றேதான். பட்டறையில் எத்தனை முறை கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும் லிங்க் திரும்பிவிட்டது. பெட்டியை அணைத்துப் போட்டாலும் திரும்பியது.

பதில் எஸ்டேட் ரைட்டரிடம் இருந்தது. டீசல் கணக்குக்காகக் கரண்டு போன நேரத்தையும் வந்த நேரத்தையும் அவர் ஒரு நோட்டில் எழுதிவந்தார். எங்கள் சர்வரில் பெட்டி மௌனமான நேரங்களை அதோடு வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு மௌனமும் கரண்டு திரும்பி வந்த நிமிடத்திலிருந்து தொடங்கியது. எல்லா மின்வெட்டிலும் அல்ல, சிலவற்றில் மட்டும். கேட்டபோது அவர் சொன்னார்: “பெட்டி சீக்கிரம் எந்திரிச்சிருங்க. அந்தக் கம்பத்து மிசினுக்குத்தான் நேரமாகும். ஸ்டெபிலைசர் மூணு நிமிசம் விடாதுங்களே. நடுவுல வோல்ட்டு ஆடுச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து.”

மூன்று தோட்டங்களில் ரேடியோ ஸ்டெபிலைசர் வழியாக இருந்தது. மற்ற மூன்றில் யுபிஎஸ், அங்கே ரேடியோ அணைவதே இல்லை. ஸ்டெபிலைசரின் 3 நிமிடம், அதற்குப் பிறகு ரேடியோ முழுதாக எழ ஏறக்குறைய இரண்டரை நிமிடம். பெட்டி கரண்டு வந்த ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. அப்படியென்றால் எழுந்த பிறகு முதல் ஐந்து நிமிடம் அதற்கு லிங்க் இல்லை.

ஐந்து நிமிடம் என்றதும் எங்கள் மூத்த பொறியாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஐந்தாம் நிமிடம்

கர்னலில் ஜிஃபீஸ் என்று ஒரு எண்ணி இருக்கிறது. எங்கள் கர்னலில் அது விநாடிக்கு 100 ஏறும். 32 பிட் என்பதால் 4294967295 வரை போய்ப் பூஜ்யத்துக்குத் திரும்பும். பழைய லாரி மீட்டர் ஒன்பதுகளுக்குப் பிறகு பூஜ்யத்துக்கு வருவதுபோல. பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் திரும்புவதற்கு 497 நாள் ஆகும், அந்தத் திருப்பத்தில் ஒளிந்திருக்கும் தவறு அதுவரை யார் கண்ணிலும் படாது. அதனால்தான் கர்னலை எழுதியவர்கள் எண்ணியை வேண்டுமென்றே 4294937296-இல் தொடங்கிவைக்கிறார்கள். கர்னல் எழுந்து சரியாக 300 விநாடியில் அது பூஜ்யமாகும். டிரைவர்களில் உள்ள தவறுகள் சீக்கிரம் வெளியே வரட்டும் என்பதே நோக்கம். 64 பிட் கணினியில் அதே எண்ணில் தொடங்கினாலும் எண்ணி தொடர்ந்து மேலே போகும், திரும்பாது.

டிரைவரில் அந்த 6 விநாடிக் காத்திருப்பு இப்படி எழுதப்பட்டிருந்தது: ‘அடுத்துப் பார்க்கும் நேரம்’ என்பது ஜிஃபீஸோடு 6 விநாடியைக் கூட்டியது. ஒவ்வொரு சுற்றிலும், ஜிஃபீஸ் அதைவிடப் பெரியதா என்று சாதாரண ‘பெரியது’ குறியால் ஒப்பிடும். பெரியதானால் ஃபையைப் பார்க்கும், இல்லையென்றால் பார்க்காது.

கர்னல் எழுந்து 4 நிமிடம் 52 விநாடியில் ஒரு முறை பார்த்து லிங்க் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துப் பார்க்கும் நேரம் 4:58. எண்ணில் 4294967096. அடுத்த சுற்று 4:57-இல், இன்னும் நேரமாகவில்லை. அதற்கடுத்த சுற்று 5:02-இல். அதற்குள் எண்ணி திரும்பி 200-இல் நிற்கிறது. 200, 4294967096-ஐ விடப் பெரியதா? இல்லை. அடுத்த சுற்றிலும் இல்லை. எண்ணி மறுபடி அந்த உயரத்துக்கு ஏறும்வரை, கிட்டத்தட்ட 497 நாளுக்கு, டிரைவர் ஃபையைத் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. டைமர் 5 விநாடிக்கு ஒரு முறை தவறாமல் ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்கும் வரியை மட்டும் தாண்டிப் போய்விடும். கம்பத்தில் ரேடியோ எழுந்து, ஃபை பேசி, பச்சை விளக்கு எரிந்து, அதைக் கேட்க ஆளில்லாமல் நிற்கும்.

லிங்க் இல்லாத நேரத்தில் ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் 10 விநாடி. அதில் எண்ணி திரும்பும் கணம் கடைசி 4 விநாடிக்குள் விழுந்தால் மட்டும்தான் இது நடக்கும். அதனால்தான் சில மின்வெட்டில் மட்டும், பத்துக்கு நான்கு என்ற கணக்கில். எண்ணி திரும்பும் நேரத்தில் லிங்க் இருந்தால் இந்த ஒப்பீடே ஓடாது. பட்டறையில் நாங்கள் ஒருபோதும் கேபிள் இல்லாமல் பெட்டியை எழுப்பி ஐந்து நிமிடம் காத்திருந்ததில்லை. மலையில் ஸ்டெபிலைசரும் ரேடியோவும் சேர்ந்து அந்தச் சோதனையை ஒவ்வொரு மின்வெட்டிலும் நடத்திவிட்டன.

திருத்தம்

ஒப்பீட்டுக்குக் கர்னலிலேயே டைம்_ஆஃப்டர் என்ற மேக்ரோ இருக்கிறது. அது இரண்டு எண்களைக் கழித்து, விடையைக் குறியுள்ள எண்ணாகப் பார்க்கும். மேலே சொன்ன உதாரணத்தில் 4294967096-இலிருந்து 200-ஐக் கழித்தால் 32 பிட்டில் வரும் குறியுள்ள விடை -400. அதாவது நேரம் தாண்டி 4 விநாடி ஆகிவிட்டது. உண்மையும் அதுதான். இரண்டு நேரங்களுக்கும் இடைவெளி மொத்த அளவில் பாதியைத் தாண்டாதவரை இது தவறாது. மாற்றியது ஒரே ஒரு வரி.

நிறுத்தும் ஃபங்ஷனில் டெல்_டைமருக்குப் பதிலாக டெல்_டைமர்_சிங்க் போட்டோம். அது ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக் முடியும்வரை காத்திருக்கும், கால்பேக் தன்னைத்தானே மறுபடி பதிவு செய்திருந்தாலும் அதையும் எடுத்துவிடும். புதிய கர்னல்களில் இதற்கு டைமர்_டிலீட்_சிங்க் என்று பெயர். இதில் ஒரு கண்ணி உண்டு. கால்பேக் எடுக்கும் பூட்டை நாம் கையில் வைத்துக்கொண்டு இதைக் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும். அப்படி ஏதும் இல்லை என்று ஒவ்வொரு பூட்டாகப் பார்த்தோம். வேறு இடத்திலிருந்து, உதாரணமாக இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்து, யாராவது டைமரை மறுபடி பதிவு செய்தால் இந்த நிறுத்தமும் பயன்படாது. அதனால் இன்டரப்டை முதலில் விடுவித்து, பிறகு டைமரை நிறுத்தி, அதற்குப் பிறகே பஃபரை விடுவிக்கும்படி வரிசையை மாற்றினோம்.

40 மில்லி விநாடி சும்மா சுற்றுவதையும் எடுத்துவிட்டோம். ரீசெட்டை ஒரு சுற்றில் தொடங்கி, அடுத்த சுற்றில் முடிவைப் பார்த்தால் போதும்.

லிங்க் பார்க்கும் வேலை முழுவதையும், ஃபை சிப்புகளைக் கவனிக்கும் கர்னலின் ஃபைலிப் பகுதிக்கே ஒப்படைத்துவிடலாம் என்று இளைய பொறியாளர் சொன்னார். இன்டரப்ட் இல்லாத ஃபையை அது விநாடிக்கு ஒரு முறை பார்க்கும், தூங்க அனுமதி உள்ள வொர்க்கியூவில் ஓடும். அவர் சொன்னது சரி. ஆனால் அதற்கு டிரைவரில் பாதியை மாற்றி எழுத வேண்டும். மழைக்காலத்துக்கு நடுவில் அவ்வளவு பெரிய மாற்றத்தை மலைக்கு அனுப்ப எனக்குத் துணிவில்லை. அதைத் தள்ளிவைத்தோம்.

சோதித்த விதம்

ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் காத்திருந்தால் நாள் போய்விடும். சோதனைக் கர்னலில் எண்ணி 300-க்குப் பதிலாக 60 விநாடியில் திரும்பும்படி மாற்றினோம். ஒரு ரிலே வைத்து, பெட்டி எழுந்து 80 விநாடி கழித்து, ரேடியோவின் இடத்தில் கேபிளின் மறுமுனையில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்குக் கரண்டு கொடுத்தோம். பழைய டிரைவரோடு 40 முறை எழுப்பியதில் 17 முறை லிங்க் வரவில்லை. புதியதோடு 40 முறையும் வந்தது. இறக்கி ஏற்றும் ஸ்கிரிப்டை, கேபிள் இல்லாமல், ஓர் இரவு முழுக்க விநாடிக்கு ஒரு முறை ஓடவிட்டோம். விடியும்போது பெட்டி எழுந்தபடியே இருந்தது.

பின்பு நடந்தது

ஏப்ரல் கடைசி வாரம் ஆறு பெட்டிகளிலும் புதிய டிரைவரைப் போட்டு ஸ்கிரிப்டை எடுத்தோம். அந்தக் கோடையில் அடுத்து வந்த மின்வெட்டுகளை ரைட்டர் வழக்கம்போல எழுதிவந்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, ரேடியோ எழுந்த அடுத்த சில விநாடிகளில் பெட்டியும் பேசத் தொடங்கியது.

பெட்டி உறைந்த தோட்டத்தில் காணாமல் போன மாலை மழை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் தோட்டக்காரரிடம் நேரில் போய், எங்கள் ஸ்கிரிப்டால்தான் அது போனது என்று சொன்னோம். களத்தில் இருந்த பழைய கண்ணாடி மழைமானியில் அவர் கையால் அளந்து எழுதிய எண்ணைக் கொடுத்தார். அதைச் சர்வரில் ‘கையளவு’ என்று குறித்துச் சேர்த்தோம்.

மாற்றியவை

மெமரி கார்டில் இப்போது இரண்டு நாளுக்குப் பதில் தொண்ணூறு நாள் அளவு தங்கும். பேனிக் வந்தால் பத்து விநாடியில் தானே எழும்படி அமைத்தோம். இந்த இரண்டும் முதல் நாளிலேயே இருந்திருந்தால் அந்த மாலை மழை போயிருக்காது. எந்தப் புதிய போர்டும் இப்போது கேபிள் இல்லாமல் எழுப்பி, ஆறாவது நிமிடத்தில் கேபிள் செருகிப் பார்க்கப்படுகிறது. வெளியிலிருந்து வரும் டிரைவர் எதுவானாலும் ஜிஃபீஸ் என்ற சொல் வரும் ஒவ்வொரு வரியையும், டைமரை நிறுத்தும் ஒவ்வோர் இடத்தையும் ஒருவர் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஃபைலிப் மாற்றத்தை அக்டோபரில் அந்த இளைய பொறியாளர் எழுதி முடித்தார். முதல் பெட்டியை நவம்பரில் மாற்றும்போது, ரைட்டரின் அறையில் ஸ்டெபிலைசர் கிளிக் என்று சத்தம் போடும்வரை அந்தப் பொறியாளர் கடிகாரத்தோடு நின்றார்.